தலைப்பெழுத்துக்குள் ஓர் ஊர்

பூ. ச. குமாரசாமி ராஜா என்ற பெயரைப் படிக்கும் தமிழர் பெரும்பாலோர், முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊருக்கும் மற்றது தகப்பனாருக்கும் உரியவை என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது எழுத்து அப்படித்தான். 'ச' என்பது தந்தை சஞ்சீவியைக் குறிக்கிறது. முதல் எழுத்தின் கதை வேறு. 1898-இல் ராஜபாளையத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமராகவும், நாடு குடியரசான பின் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்த அந்த மனிதரின் 'பூ', பூசப்பாடி என்ற குடும்பப் பெயரின் சுருக்கம். ராம்கோ தொழில் குழுமத்தைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் 'பி'யும் அதே பெயர்தான். ராஜபாளையத்திலிருந்து வெகு தொலைவில், ஆந்திரத்தின் வடகோடியில் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்டவர்களின் குடும்பப் பெயரும் பூசப்பாடி, தெலுங்கில் பூசபாடி. 1936-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய 'விஸ்ஸி' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெயர் ஒன்று என்பதால் ரத்தமும் ஒன்றுதானா? ராஜபாளையத்தில் பலரும் தயங்காமல் ஆம் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பலர், இதையெல்லாம் எப்படி நிரூபிப்பது என்று கையை விரிப்பார்கள். இரண்டு பதிலும் அவசரமானவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். குடும்பப் பெயர் ஒரு தடயம். அது தேட வேண்டிய திசையைக் காட்டும், ஆனால் தானே சான்றாகிவிடாது. சான்றாகக் கூடிய காகிதங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ராஜபாளையத்திலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், நம்முடைய வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன.

முதலில் இந்தப் பெயர் முறையைப் புரிந்துகொள்வோம். தமிழ் பேசும் குடும்பங்களில் பெரும்பாலும் தந்தையின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாக வருகிறது. அந்த மகனுக்கு மகன் பிறந்ததும் பழைய எழுத்து உதிர்ந்து புதிய எழுத்து ஏறிக்கொள்கிறது. ஆகவே நம் பெயர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் பின்னோக்கிப் பார்ப்பதில்லை. ராஜபாளையத்து ராஜுக்கள் பின்பற்றும் தெலுங்கு மரபில் 'இண்டிப்பேரு' எனப்படும் வீட்டுப் பெயர் தந்தை வழியாக மாறாமல் இறங்குகிறது. ஆந்திர ராஜுக்களிடையே வழங்கும் அல்லூரி, முதுனூரி, காளிதிண்டி, கொட்டுமுக்கல போன்ற வீட்டுப் பெயர்கள் ஊர்ப் பெயர்களிலிருந்து வந்தவை. காளிதிண்டி என்ற ஊர் இன்றும் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. பூசப்பாடி என்ற பெயரும் பூசப்பாடு என்ற ஊரைச் சுட்டுவதே. வீட்டுப் பெயரோடு கோத்திரமும் சேர்ந்து வருகிறது. ராஜுக்களிடையே வசிஷ்டம், தனஞ்செயம், காசியபம், கௌண்டின்யம் ஆகிய நான்கும் முக்கியமானவை. ஒரே கோத்திரத்துக்குள் திருமணம் இல்லை என்ற விதி இருப்பதால், கோத்திரத்தையும் வீட்டுப் பெயரையும் பெரியவர்கள் மறக்காமல் காத்து வந்திருக்கிறார்கள். பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் முதலில் கேட்கப்படுகிற கேள்வியே எழுதாத பதிவேடாகப் பல தலைமுறைகள் வேலை செய்திருக்கிறது.

இந்தப் பெயர்கள் தெற்கே எப்படி வந்தன என்பதற்குப் பொதுவான பின்னணி நமக்குத் தெரியும். கிருஷ்ணதேவராயர் 1515-இல் கொண்டவீட்டைக் கைப்பற்றியபின் கடலோர ஆந்திரம் விஜயநகரப் பேரரசின் கீழ் வந்தது. 1529 முதல் மதுரையில் விஸ்வநாத நாயக்கரின் ஆட்சி நிலைபெற்றது. எழுபத்திரண்டு பாளையங்கள் வகுக்கப்பட்டன. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததும் வடக்கே வாழ்வு இழந்த படைவீரர்களும் குடும்பங்களும் தெற்கே நகர்ந்தனர். கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், தேவாங்கர் எனப் பல தெலுங்கு, கன்னடக் குடிகள் கரிசல் நாட்டில் இறங்கிய நூற்றாண்டுகள் இவை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரண்மனையே கட்டினார் என்றால், இந்தப் பகுதிக்கு அந்த அரசியலில் இருந்த இடம் விளங்கும். ராஜபாளையத்தின் வாய்மொழி மரபும் படையோடு வந்த குடும்பங்களைப் பற்றியே பேசுகிறது. பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்ற ஊர்ப்பகுதிப் பெயர்களும் ஒரு படைக்குடியேற்றத்தை நினைவூட்டுகின்றன. இவையெல்லாம் ஒரு சமூகம் வந்த வழியைக் காட்டும் நல்ல ஆதாரங்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பத்தாவது பாட்டனார் யார் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. கூட்டத்தின் வரலாறு வேறு, குடும்பத்தின் வம்சாவளி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் முதல் பிழை.

இந்த வேறுபாட்டை உலகிலேயே நன்கு புரிந்துகொண்டவர்கள் கனடாவின் பிரெஞ்சு மக்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கியூபெக் பகுதிக்குக் குடியேறிய சில ஆயிரம் பேரின் சந்ததியினர் இன்று பல லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1665-இல் கரிஞான் சலியேர் என்ற படைப்பிரிவு அங்கே வந்து இறங்கியது. ஏறத்தாழ 1,200 பேரில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டனர். 1663-க்கும் 1673-க்கும் இடையே, அரசர் செலவில் சுமார் 770 இளம்பெண்கள் மணம் முடிப்பதற்காக அனுப்பப்பட்டனர். அவர்களை 'அரசரின் மகள்கள்' என்பார்கள். படைவீரர்களுக்குப் படையில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. லாஃப்லர் என்றால் மலர், சான்சூசி என்றால் கவலையற்றவன். அந்தப் பட்டப்பெயர்கள் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கும் இறங்கின. சில குடும்பங்களில் ஒரு மகன் பழைய பெயரையும் இன்னொரு மகன் பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டதால், ஒரே பாட்டனாரின் பேரர்கள் இரண்டு பெயர்களில் பிரிந்துபோனார்கள். 1840-க்கும் 1930-க்கும் இடையே சுமார் ஒன்பது லட்சம் பேர் பிழைப்புக்காக அமெரிக்காவுக்குப் போனபோது, லெப்ளாங் குடும்பத்தார் சிலர் ஒய்ட் ஆனார்கள். புவாவேர் குடும்பத்தார் சிலர் கிரீன்வுட் ஆனார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறும் என்பதை அவர்கள் பட்டு அறிந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியவை பங்குக் கோயில் பதிவேடுகள். 1621 முதலே கியூபெக்கில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் எழுதப்பட்டன. பிரான்சில் 1539-ஆம் ஆண்டு வில்லேர்-கோத்தரே ஆணையே ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தது. 1666-இல் ழான் தலோன் எடுத்த குடிக்கணக்கில் 3,215 பேர் பெயரோடு இடம்பெற்றார்கள். இவற்றை வைத்து சிப்ரியான் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளில் பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களின் வம்சாவளி அகராதியை வெளியிட்டார். 1966-இல் மான்ட்ரியால் பல்கலைக்கழகம் அந்தப் பதிவேடுகளை ஒருங்கிணைத்து ஒவ்வொரு குடும்பத்தையும் மீட்டமைக்கும் பணியைத் தொடங்கியது. முடிவில் கிடைத்தது என்ன? பிரபுக்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ள விரும்பியவர்களுக்கு, தங்கள் முன்னோரில் மிகப் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், தச்சர்கள், சாதாரணச் சிப்பாய்கள், தாய்தந்தை அற்ற ஏழைப் பெண்கள் என்று தெரியவந்தது. அதை அவர்கள் அவமானமாக நினைக்கவில்லை. தேடல் நேர்மையாக இருந்தால் அது பெருமையின் அடித்தளத்தையே மாற்றிவிடும் என்பதற்குக் கியூபெக் நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அவர்களுக்குப் பதிவேடு இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? கேள்வியின் பாதி உண்மை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில்கூட 1881 செப்டம்பரில் வந்த ஆணைக்குப் பிறகே, தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர்கள் நிலையான குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்போதுதான். சென்னை மாகாணத்தில் 1871-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் எண்ணிக்கைகள் அச்சாயினவே தவிர, வீடுவீடாக எழுதிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான மாகாணச் சட்டம் 1899-இல் வந்தது. அந்தப் பதிவிலும் பல இடங்களில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். இவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் பிறந்ததையும் இறந்ததையும் எழுதாத நம் சமூகம் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிவைத்தது. அது நிலம். நிலம் இருந்த இடத்தில் பங்கு இருந்தது. பங்கு இருந்த இடத்தில் சண்டை இருந்தது. சண்டை இருந்த இடத்தில் வம்சாவளி எழுதப்பட்டது.

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் பிராதை எடுத்துப் பாருங்கள். மூலபுருஷர் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் சந்ததியின்றி இறந்தார், யார் தத்து எடுக்கப்பட்டார், எந்த விதவைக்கு ஜீவனாம்சம் என்பதெல்லாம் கிளைகிளையாகக் காட்டப்பட்டிருக்கும். எதிர்த் தரப்பு அதை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்திருக்கும். புகழ்பாடும் வம்ச வரலாற்றுக்கு இல்லாத நம்பகம் இதற்கு உண்டு, ஏனென்றால் பொய்யைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ராஜபாளையத்து வேர்களைத் தேடுகிறவர் அந்த ஊருக்குப் போயே ஆக வேண்டிய காரணங்களில் இது ஒன்று. அடுத்தது பத்திரப் பதிவு. முதல் பதிவுச் சட்டம் 1864-இலும், இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 1908-இலும் வந்தன. கிரயம், ஒற்றி, தானம், உயில் என ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதிக்கொடுத்தவரின் தகப்பனார் பெயர் இருக்கும். சாட்சிகளின் பெயர் இருக்கும். நான்கெல்லையில் பங்காளியின் பெயர் இருக்கும். இனாம் நிலம் இருந்த குடும்பங்களுக்கு 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் இன்னும் பின்னால் அழைத்துச் செல்லும். அது கொடை யாருக்கு, எப்போது, எதற்காகக் கிடைத்தது என்று விசாரித்து எழுதியது. இங்கே ஒரு நிர்வாக நுணுக்கத்தை மறக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; பிறகு புதிதாக உருவான ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது; 1985-இல்தான் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிறந்தது. ஆகவே 1880-ஆம் ஆண்டுக் காகிதத்தை விருதுநகர் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி என்ற தலைப்பில்தான் தேட வேண்டும்.

கையில் காகிதம் கிடைத்தபின் அதன் காலத்தைக் கணிப்பது தனி வேலை. வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும், அது கி.பி. 825-இல் தொடங்குவது, ஆகவே கொல்லம் 1000 என்பது 1824-25. பிரபவ, விபவ என்ற அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் பெரும் எச்சரிக்கை வேண்டும். பிரபவ ஆண்டு 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது. ஒரு சுற்றைத் தவறவிட்டால் பாட்டனார் கொள்ளுப்பாட்டனார் ஆகிவிடுவார். பேரனுக்குப் பாட்டனின் பெயரையே வைக்கும் வழக்கம் இந்தக் குழப்பத்தை இரட்டிப்பாக்கும். இதனால்தான் தேடல் எப்போதும் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். உயிரோடிருக்கும் பெரியவரிடம் தொடங்கி, அவர் தகப்பனாரின் பத்திரம், அவர் பாட்டனாரின் வில்லங்கம் என்று ஒவ்வொரு படியாகப் பின்னே நகர வேண்டும். விஜயநகரத்துப் படைத்தலைவர் ஒருவரை முதலில் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து நம் வீட்டு வாசலுக்குக் கோடு இழுப்பது எளிது, இனிமையானதும்கூட. ஆனால் அது தேடல் ஆகாது. நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றால், இல்லை என்றே எழுதிவைப்பது அறிவுக்கு அழகு.

வீட்டுப் பெயரின் எல்லையை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அதற்கு மேல் எட்டுப் பேர். பத்துத் தலைமுறை பின்னே போனால் 1,024 இடங்கள். தலைமுறைக்கு இருபத்தெட்டு ஆண்டு என்று வைத்தால், ஐந்நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ பதினெட்டுத் தலைமுறை. அப்போது அந்த எண் 2,62,144. அத்தனை இடங்களில் வீட்டுப் பெயர் தொட்டுக் காட்டுவது ஒரே ஒரு இடத்தை மட்டுமே. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் ஒரே முன்னோர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார் என்பதால், உண்மையான ஆட்களின் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவாக இருக்கும். அப்படியும் மற்ற அத்தனை பேரையும் பெயர் மறைத்துவிடுகிறது, குறிப்பாகப் பெண்களை. மணமான பெண் கணவர் வீட்டுப் பெயருக்கும் கோத்திரத்துக்கும் மாறிவிடுவதால், அவள் பிறந்த வீட்டுக் கோடு அந்த இடத்தில் அறுந்துபோகிறது. ஆகவே பூசப்பாடி என்ற பெயரைத் தாங்கியவர் பூசப்பாடியின் வாரிசு என்பது எவ்வளவு உண்மையோ, அதே அளவுக்கு அவர் பாட்டிமார் பிறந்த வேறு நான்கைந்து வீட்டுப் பெயர்களின் வாரிசும்தான். சீதனப் பத்திரம், ஜீவனாம்ச ஏற்பாடு, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகிய நான்கும் பெண் வழியைக் காட்டும் அரிய காகிதங்கள். வம்சாவளி எழுதுகிறவர்கள் இவற்றைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

இன்னொரு மறுப்பு கடுமையானது. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதன் பிறகு லட்சக்கணக்கான தமிழர்கள் பெயரின் வாலை வெட்டி எறிந்தார்கள். இப்போது குடும்பப் பெயரையும் கோத்திரத்தையும் தோண்டுவது அந்த வாலை மறுபடி ஒட்டவைப்பதாகாதா? தேடுகிறவரின் நோக்கம் உயர்குலப் பட்டம் என்றால், ஆம், ஆகும். ஆனால் மேலே சொன்ன முறையில் தேடினால் விளைவு எதிர்த்திசையில் போகும். 2,62,144 இடங்களில் ஒன்றுக்காக மற்றவற்றை மறக்க முடியாது என்று உணர்ந்தவர் தூய ரத்தம் பற்றிப் பேச மாட்டார். ஒற்றிக்கு நிலத்தை விட்ட பாட்டனாரையும், கடனுக்கு வழக்காடிய சித்தப்பாவையும் காகிதத்தில் சந்தித்தவர் அரச வம்சக் கற்பனையில் நிலைக்க மாட்டார். ஒரு பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் சூடுவது சமூகத்தில் ஓர் இடத்தைக் கோருவது. ஒரு பெயரின் வழியை ஆராய்வது அறிவைக் கோருவது. முன்னதைக் கைவிட்டது சரியான முடிவு. அதற்காகப் பின்னதையும் கைவிட வேண்டியதில்லை. ஆராயாமல் விட்டால் கட்டுக்கதைகளுக்குத்தான் இடம் பெருகும்.

வீட்டுப் பெயரும் நிலமும் இல்லாதவர்கள் என்ன செய்வது? ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் உழைத்து உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பத்திரத்தில் பெயர் வரும் நிலையில் இருந்ததில்லை. அவர்களை விட்டுவிட்டால் இந்தத் தேடலுக்கு அறம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் காகிதம் உண்டு. 1850-களில் ராக்லண்ட் ஐயர் வடதிருநெல்வேலியில் கூடாரமிட்டு ஊர் ஊராகப் போனதில் தொடங்கிய சர்ச் மிஷன் பணி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் சபைகளை உருவாக்கியது. சபை இருந்த இடத்தில் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் இருந்தன. எழுத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்ட பல குடும்பங்களுக்கு முதன்முதலாக ஒரு பெயரும் தேதியும் எழுதப்பட்ட இடம் அது. அந்த வகையில் கியூபெக்கின் பங்குப் பதிவேட்டுக்கு நம் ஊரில் மிக நெருங்கிய இணை, நிலவுடைமைக் குடும்பங்களிடம் இல்லை. அந்தச் சபைகளின் அலமாரிகளில் இருக்கிறது. ஆலைகளின் பழைய வேலையாள் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பயணப் பதிவுகள் ஆகியவையும் இந்த வரிசையில் சேர வேண்டியவை.

இதனால் பயன் என்ன என்று கேட்பவருக்கு உடல்நலம் சார்ந்த ஒரு விடையும் உண்டு. கியூபெக்கின் சகெனே பகுதியில் சில பரம்பரை நோய்கள் மற்ற இடங்களைவிட அதிகம். முதலில் குடியேறிய சிலரின் மரபணு, அவர்களின் சந்ததிக்குள்ளேயே சுற்றி வந்ததுதான் காரணம் என்பதை வம்சாவளித் தரவுகளைக் கொண்டே அறிந்தார்கள்; அந்த அறிவு பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனைகளுக்கு வழிகாட்டியது. சிறிய எண்ணிக்கையில் குடியேறி, உறவுக்குள் மணந்து வாழ்ந்த சமூகங்கள் தென்னிந்தியாவில் ஏராளம். மூன்று நான்கு தலைமுறையின் சரியான வம்சாவளி ஒரு மருத்துவருக்குத் தரும் உதவியை, ஐந்நூறு ஆண்டுப் பெருமைக் கதை ஒருநாளும் தராது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருக்கும் பழைய பத்திரம், ஓலை, நோட்டு, பத்திரிகை எதையும் எறியாமல் படமெடுத்து, யாருடையது, எங்கே இருந்தது என்று எழுதி வைக்கலாம். சாவடிகளும் கோயில்களும் சபைகளும் தங்களிடமுள்ள பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள், எல்லாச் சமூகத்தாரின் காகிதங்களையும் ஒரே இடத்தில் எண்முறையில் சேர்க்கும் பணியை மாணவர்களின் ஆய்வாகவே நடத்தலாம். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை வெளியிடாமல் காக்கும் விதியோடு. பூசப்பாடி என்ற பெயர் விஜயநகரம் சமஸ்தானத்தோடு நம்மை இணைக்கிறதா என்ற கேள்விக்கு விடை அந்தச் சேகரத்திலிருந்து ஒருநாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் தன் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு எது, அவள் எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்ற கேள்விக்கு இன்று எடுத்த முயற்சியில் இன்றே விடை கிடைக்கும். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அரசர்களைத் தேடும் ஆர்வத்தில் அவர்களைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.